சிவப்புக்கு அடியில்

நவம்பர் 3, திங்கள்

ஃபார்கோ வந்துவிட்டது! ரெக்கவரி வண்டியின் கொக்கியில் மூக்கை மாட்டிக்கொண்டு, கணபதி மெயின் ரோடே வேடிக்கை பார்க்க, எங்கள் பட்டறை வாசலில் இறங்கியது. 1954ஆம் வருடத்து பிக்கப். முன்னால் உருண்டையான கேபின், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பாடி. நிறம் சிவப்பு. வெயிலில் வெந்து செங்கல்பொடி மாதிரி ஆகிவிட்ட சிவப்பு. தடவிப் பார்த்தால் உள்ளங்கையோடு வருகிறது.

வண்டிக்காரர் வரதராஜுலு சார். பீளமேட்டில் மில் வைத்திருந்த குடும்பம். எழுபதை நெருங்குகிறார், ஆனால் வண்டியைச் சுற்றி வரும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி நடக்கிறார். கோத்தகிரிப் பக்கம் அவர்களுக்கு ஒரு டீ எஸ்டேட் இருந்ததாம். அங்கே ஓடிய வண்டி இது.

"இஞ்சின் வேலை முடிஞ்சுது திருமூர்த்தி. பிரேக்குக்கு சாமான் வரோணும், அதனால இழுத்துட்டு வந்தேன். பெயிண்ட் உங்க பொறுப்பு. டிசம்பர் பதினாலு பழைய வண்டிக ரேலி. கம்பெனியில வந்த அதே கலர்ல இருக்கற வண்டிக்குத் தனிப் பிரிவு வெச்சிருக்காங்க. அதுல நிறுத்தோணும்."

"அதுக்கென்னங்க, நிறுத்திரலாம்," என்றான் அண்ணன். "என்ன கலருங்க?"

"பார்த்தா தெரியலயா? சிவப்பு. சின்ன வயசுல இதுலதான் சுத்துனேன். சிவப்பேதான்."

அண்ணன் தலையாட்டினான். நான் பக்கத்தில் நின்று கதவின் கீழ் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சிவப்பு உதிர்ந்த இடத்தில் உள்ளே வேறு எதுவோ எட்டிப் பார்த்தது.

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் கதவோரத்தில் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, வட்டமாக, மெதுவாகத் தேய்த்தேன். நடுவில் அழுத்தி, ஓரத்தில் லேசாக. அப்படித் தேய்த்தால் ஒவ்வொரு கோட்டிங்கும் ஒரு வளையமாகத் தெரியும். மேலே புதுச் சிவப்பு. அதற்குள் பழைய சிவப்பு. அதற்குள் கிரீம்! அதற்குள் கரும்பச்சை. நடுவில் ரெட் ஆக்சைடு பிரைமர், அதற்குள் பளபளவென்று இரும்பு.

பிரைமருக்கு அடுத்ததாக இருப்பதுதான் கம்பெனியில் அடித்தது. அப்படியானால் இந்த வண்டி பச்சை!

தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். திருப்பூர் சாயப்பட்டறை லேபில் வருடக்கணக்காகத் துணித்துண்டுகளை விளக்கின் கீழ் வைத்து நிறம் பார்த்தவள் நான். அந்தச் சாயப்பட்டறையை மூடிவிட்ட பிறகு இங்கே வந்து அண்ணனுக்குப் பெயிண்ட் கலக்கித் தருகிறேன். ஸ்விஃப்ட்டுக்கு வெள்ளை, இன்னோவாவுக்கு வெள்ளை, திரும்ப ஸ்விஃப்ட்டுக்கு வெள்ளை. வெகு நாளைக்குப் பிறகு இன்று ஒரு நிறத்தைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது.

அண்ணன் வந்து பார்த்தான். "அவரு சிவப்புங்கறாரு. அடிச்சுக் குடுத்துட்டு அடுத்த வண்டியப் பாக்கலாம். எதுக்கு நோண்டற?"

"அண்ணா, அந்தப் பிரிவுல சிவப்புல கொண்டு போய் நிறுத்துனா சிரிப்பாங்க. அவருக்குத்தான் அவமானம்."

தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். தடுக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வெயில் படாத இடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினேன். அதன் பின்னால் பச்சை. சீட்டைத் தூக்கினேன். அடியில் எலிக்கூடு, ஒரு பழைய தீப்பெட்டி, பச்சை. கம்பெனித் தகட்டை நோகாமல் நெம்பி எடுத்தேன். தகடு மறைத்திருந்த இடத்தில், ஒரு முறைகூட வெளிச்சமே பார்க்காத பச்சை! பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் துடைத்ததும் ஈரமான டீ இலை மாதிரி மின்னியது.

வரதராஜுலு சாருக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "பச்சையா? இருக்கவே இருக்காதே!" பிறகு, "பாடியிலயும் பாரும்மா. ரெண்டுலயும் பச்சைன்னா ஒத்துக்கறேன்."

நவம்பர் 9, ஞாயிறு

காங்கேயத்திலிருந்து வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை அரிசி ஆலை வைத்திருக்கிறாராம். அவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். கேசரியில் அண்ணி முந்திரியை அள்ளிப் போட்டிருந்தாள். அவர் சட்டை நல்ல நீலம்.

நாளைக்குப் பாடியைத் தேய்க்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

குழப்பம். பாடியின் பக்கத் தகட்டில் தேய்த்தேன். புதுச் சிவப்பு, பழைய சிவப்பு, கிரீம், எல்லாம் வரிசையாக வந்தது. அடுத்து பச்சைக்காகக் காத்திருந்தால் நீலம். சாம்பல் கலந்த நீலம்.

எனக்குத் தோன்றியது இதுதான். பச்சை என்பது மஞ்சளும் நீலமும். மட்டமான மஞ்சள் வெயிலில் ஓடிவிடும், நீலம் நின்றுவிடும். திருப்பூரில் பச்சை டீ-ஷர்ட்டெல்லாம் ஜன்னலோரம் கிடந்து நீலமாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கேபினைவிட பாடி அதிகம் காய்ந்திருக்கும். மஞ்சள் போயிருக்கும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? பாடியின் தரைப்பலகையைக் கழற்றி அடியில் பார்த்தால் தெரிந்துவிடும். அண்ணனிடம் கேட்டால் முறைப்பான். கேட்காமலே செய்துவிட வேண்டியதுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

பலகைக்கு அடியிலும் நீலம்! சூரியனே பார்க்காத இடம். மழை விட்ட வானம் மாதிரி சுத்தமான நீலம். மஞ்சள் ஓடவில்லை. மஞ்சள் அதில் இருந்ததே இல்லை.

கேபின் பச்சையாகவும் பாடி நீலமாகவும் பிறந்திருக்கின்றன. இது ஒரு வண்டி இல்லை, இரண்டு வண்டி!

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

நவம்பர் 12, புதன்

நேற்றைய சந்தோஷத்தை இன்று பிடுங்கிவிட்டார்கள்.

வரதராஜுலு சார் வந்தார். பச்சையைக் காட்டினேன், நீலத்தைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியது.

"எங்க வண்டி முழுசா இருந்துச்சு. இந்தப் பாடி எங்களுது இல்ல. திருமூர்த்தி, என்ற பாடி எங்க?"

"என்னங்க சொல்றீங்க? வந்த வண்டி அப்படியே நிக்குதுங்க."

"பழைய பாடிக்கு இப்ப என்ன கிராக்கின்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? போன வருசம் ஒரு பட்டறையில இதே மாதிரிதான் என்ற சிநேகிதன் வண்டியில கதவ மாத்திட்டாங்க."

அண்ணனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அப்பா காலத்திலிருந்து நடக்கும் பட்டறை. ஒரு நட்டு காணாமல் போனது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. "வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க," என்றான். சார், "எடுக்கத்தான் போறேன். அதுக்கு முன்னால எங்க சொல்லோணுமோ அங்க சொல்றேன்," என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு, "சிவப்பு அடிச்சிருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்காது, நமக்கும் தெரிஞ்சிருக்காது," என்று மட்டும் சொன்னான்.

நவம்பர் 13, வியாழன்

சாப்பிடவில்லை.  காங்கேயத்துக்காரர்கள் சம்மதம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

போல்ட்! போல்ட்! போல்ட்!

முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பாடியைச் சேஸிஸோடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்தேன். சேறும் கிரீஸும் அப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, போல்ட் தலையை லேசாகத் தேய்த்தேன். சிவப்பு. சிவப்பு. அதற்கு அடியில் கிரீம். அந்தக் கிரீம் போல்ட் தலையிலிருந்து வாஷர் மேல் வழிந்து, அங்கிருந்து பாடித் தகடு வரை ஒரே தோலாக ஓடுகிறது. எங்கேயும் வெடிப்பு இல்லை. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்தத் தோல் கிழிந்திருக்கும்.

கிரீம் அடித்த நாளிலிருந்து இந்தப் பாடியை யாரும் கழற்றவே இல்லை. நாங்கள் இல்லை, யாருமே இல்லை. மாற்றியது அதற்கும் முன்னால்!

அடியில் படுத்தபடியே அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். அவனும் சட்டையோடு சேற்றில் படுத்து ஊர்ந்து வந்தான். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வோமே, அப்படி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஸ்பேனர வெச்சுராத," என்றான் மெதுவாக. "அவரு வந்து அவரு கண்ணால பாக்கட்டும்."

நவம்பர் 15, சனி

வந்தார். கூப்பிட்டால் வரமாட்டார் என்று அண்ணன் நினைத்திருந்தான். வந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், வயதைப் பார்க்காமல் அடியில் படுத்தார். நான் டார்ச் பிடித்தேன்.

"இதுதானுங்க கிரீம். இந்த வளையத்துல பாருங்க, கேபின்லயும் இதே கிரீம், பாடியிலயும் இதே கிரீம். அதுக்கு மேல எல்லாக் கோட்டிங்கும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதுக்கு அடியில மட்டுந்தான் வேற வேற."

"அப்ப கிரீம் எப்ப அடிச்சது?"

"எனக்குத் தெரியாதுங்க. நீங்க பார்த்தது சிவப்பு. கிரீம் அதுக்கு முந்தி."

வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முதுகெல்லாம் மண். அண்ணன் டீ நீட்டினான். வாங்காமல் அண்ணன் கையையே பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோ திருமூர்த்தி. வாய் தவறிப் பேசிட்டேன்." அண்ணன், "அட விடுங்க, டீ ஆறுது," என்றான். அவ்வளவுதான், முடிந்தது. ஆண்களுக்கு எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

டீ பாதியில் அவர் கண் விரிந்தது.

"ஏம்மா... எஸ்டேட்ல ரெண்டு பிக்கப் இருந்துச்சு. எங்கப்பா ஒரே நேரத்துல ரெண்டு வாங்குனதா சொல்வாரு. நான் பார்த்தப்ப ரெண்டுமே சிவப்புதான். எஸ்டேட்ட வித்தப்ப ஒண்ணு எங்களுக்கு வந்துச்சு. இன்னொண்ண டிரைவர் மாதா கவுடருக்குக் குடுத்துட்டோம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அப்ப அந்த வண்டியில..."

"கேபின் நீலம், பாடி பச்சை," என்றான் அண்ணன். முதல் தடவையாக அவன் குரலிலும் அந்தத் துள்ளல்.

நவம்பர் 18, செவ்வாய்

மாதா கவுடர் இறந்து வெகு காலமாகிவிட்டது. பேரன் இருக்கிறார். கோத்தகிரியிலிருந்து உள்ளே ஒரு ஹட்டியில். ஹட்டி என்றால் அந்த மலைப் பக்கத்துச் சின்ன ஊர். சார் யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கிக் கொடுத்தார். போன் செய்தேன்.

"பழைய ஃபார்கோவா? இருக்குங்க. இப்ப கேரட் ஏத்திக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசட்டுமா?"

இருக்கிறது! இருப்பது மட்டுமல்ல, ஓடுகிறது!

நவம்பர் 20, வியாழன்

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, மழையில், மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு மண் சரிந்து கிடந்தது. 

அவர் பெயர் போஜராஜ். நாற்பது இருக்கும். பஸ் ஸ்டாப்பிலேயே குடையோடு நின்றிருந்தார். "நீங்கதான் வண்டிக்குத் தோல் உரிக்கறவங்களா?" என்று கேட்டார். அப்போது சிரிக்கத் தோன்றவில்லை, இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது.

வண்டி தோட்டத்து ஓரத்தில் நின்றது. பிரஷ்ஷில் அடித்த மஞ்சள். மழையில் நனைந்து, உருளைக்கிழங்குச் சேறு அப்பி, ஒரு கண் விளக்கு இல்லாமல். எங்கள் சிவப்பின் அதே உருண்டைக் கேபின், அதே புருவம். கூடப் பிறந்தது என்று பார்த்ததும் தெரிந்தது.

"எங்க வேணும்னாலும் தேய்ச்சுக்குங்க. ஆனா சாயங்காலம் மார்க்கெட்டுக்கு லோடு போகணும். ஓடற மாதிரி விட்டுட்டுப் போங்க."

அவர் குடை பிடிக்க, நான் கேபின் கதவுக்குள் தேய்த்தேன். மஞ்சள், இன்னொரு மஞ்சள், சிவப்பு, கிரீம்.

நீலம்.

 "பலகையத் தூக்கணுமுங்க," என்றேன். இரண்டு பேருமாகக் கேரட் மூட்டைகளை இறக்கி வைத்து, பாடியின் தரைப்பலகையை நெம்பினோம். அடியில் மண், வேர், காய்ந்த முட்டைக்கோஸ் இலை. வழித்துப் போட்டுவிட்டுத் துடைத்தேன்.

பச்சை! தகட்டுக்குப் பின்னால் நான் பார்த்த அதே பச்சை!

நான் கத்தியதில் அவர் அம்மா வீட்டுக்குள்ளிருந்து, "பாம்பா, பாம்பா?" என்று ஓடி வந்தார். "பாம்பு இல்லம்மா, பச்சை," என்றார் இவர். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை மட்டும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து டீயும் அவரையும் கிழங்கும் போட்ட குழம்பும் சோறும் கொடுத்தார். விஷயத்தை மகன் விளக்கியதும் சாதாரணமாகச் சொன்னார்:

"அதுவா? எங்க மாமனார் சொல்லிச் சிரிப்பாரு. நீலத்துப் பாடியில பெஞ்சு போட்டு கூரை கட்டியிருந்தாங்களாம். இலை பறிக்கறவங்க ஏறிப் போறதுக்கு. நீல வண்டி இஞ்சின் உக்காந்துருச்சு, சாமான் கப்பல்ல வரணும். அதுவரைக்கும் ஜனங்க மழையில நடக்கறதான்னு பாடியக் கழட்டிப் பச்சை வண்டியில மாட்டிட்டாரு. பச்சைப் பாடி சும்மா கிடந்துச்சு. இஞ்சின் வந்தப்ப அத இதுல மாட்டிட்டாரு. திருப்பி மாத்த யாருக்கு நேரம்? ஒருத்தன் ரெண்டு கலர்ல போகுதேன்னு கிண்டல் பண்ணுனானாம். உடனே ரெண்டுக்கும் வெள்ளையா ஒண்ண அடிச்சு விட்டுட்டாரு."

அந்த வெள்ளைதான் எங்கள் கிரீம். அண்ணனைக் காப்பாற்றிய கிரீம்!

திரும்ப அந்த வண்டியிலேயே கேரட்டோடு இறங்கினேன், மேட்டுப்பாளையம் மார்க்கெட் வரைக்கும். கேபினில் ஹீட்டர் இல்லை, கண்ணாடி முழுதாக ஏறாது. கியர் போடும்போதெல்லாம் முழங்கையை ஒதுக்கிக்கொள்ளச் சொல்லி, "மன்னிச்சுக்குங்க," என்கிறார். வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும்தானாம். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வண்டியைப் பற்றிய தகவல்களோடு இருக்கட்டும்.

நவம்பர் 22, சனி

வரதராஜுலு சாருக்கு அந்தப் பச்சைப் பாடி வேண்டும். கேட்கும் விலை கொடுக்கிறாராம். புதிதாகச் செய்த பாடி ஒன்றையும் மாட்டித் தருகிறாராம். என்னைப் பேசச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

"குடுக்கறதுக்கில்லங்க," என்றார் போஜராஜ். கோபமில்லாமல்தான் சொன்னார். "புதுப் பாடி இந்த ரோட்டுல ஒரு மழைக்காலம் தாங்காது. இத எங்க தாத்தா ஓட்டுனாரு, அப்பா ஓட்டுனாரு. நான் தினம் ஓட்டறேன். காட்சிக்கு வைக்க ஒண்ணு, பொழப்புக்கு ஒண்ணு. பொழப்புல இருக்கறத எடுக்காதீங்கன்னு சொல்லுங்க." பிறகு, "நீங்க நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தீங்களான்னு கேக்கவே இல்லையே நான்," என்றார்.

நல்லபடியாகச் சேர்ந்தேன் என்று சொன்னேன். சொல்ல அரை மணி நேரம் ஆனது.

நவம்பர் 25, செவ்வாய்

சார் மனசு உடைந்து போயிருக்கிறார். "பேசாம சிவப்பே அடிச்சுருங்க. பிரிவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." அண்ணன் சிவப்பு டின்னை எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். ரேலிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

நான் சொன்னேன், "கேபினுக்குப் பச்சை, பாடிக்கு நீலம் அடிக்கலாமுங்க. ரெண்டும் அதுஅது கம்பெனியில வந்த கலருதான."

அண்ணன், "திருவிழா வண்டியாட்டம் இருக்கும்," என்றான்.

சார், "மொதல்ல அந்த இன்னொரு வண்டியப் பாக்கோணும்," என்றார்.

நவம்பர் 27, வியாழன்

சார் காரில் போனோம். நான் பழுப்புச் சேலை கட்டியிருந்தேன். மலையில் குளிரும் என்பதால் வேறொன்றுக்கு மாற்றினேன். பிறகு இன்னொன்றுக்கு.

போஜராஜ் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். சார் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார். மூட்டை விழ விழ அந்தப் பழைய ஸ்பிரிங் முனகி இறங்கியது. கடைசி மூட்டையும் ஏறியதும் போஜராஜ் சாவியை நீட்டினார்.

"ஓட்டறீங்களா சார்?"

"நானா? இதையா?"

"உங்க அப்பா வாங்குன வண்டிதானே."

சார் ஏறினார். பக்கத்தில் போஜராஜ். தேயிலைச் சரிவில் அந்த மஞ்சள் வண்டி லோடோடு வளைந்து வளைந்து போய் மறைந்தது. ஹாரன் சத்தம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அங்கே ஹாரன் அடிக்க எதிரில் யாரும் இல்லை.

திரும்பி வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிர்காற்றாம். "இந்தப் பாடியக் கழட்டச் சொன்னனே, என்னைய என்ன சொல்றது," என்றார். காரில் ஏறியதும், "நீ சொன்னபடியே அடிம்மா. பச்சையும் நீலமும். எவன் சிரிக்கறானோ சிரிக்கட்டும்," என்றார்.

டிசம்பர் 3, புதன்

பச்சையைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ட்யூப் லைட்டில் அச்சாகப் பொருந்துகிறது. வாசலுக்குக் கொண்டு வந்தால் தனியாகத் தெரிகிறது. கருப்பைக் குறைத்தேன், மஞ்சளில் ஒரு சொட்டு ஏற்றினேன், தகடு தகடாக அடித்துக் காயவைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முகம், ரவிக்கை, காது எல்லாம் பச்சை. அண்ணி, "கிளியாட்டம் இருக்கற," என்றாள்.

மத்தியானம் பிடிபட்டது. தகட்டைப் பழைய பச்சை மேல் வைத்தேன். விளிம்பைக் காணோம்! வெயிலிலும் காணோம், நிழலிலும் காணோம்!

நீலம் முதல் கலவையிலேயே வந்துவிட்டது. மலையில் பார்த்த அந்த நீலத்தை நான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டே இருந்ததால் இருக்கலாம்.

டிசம்பர் 10, புதன்

அண்ணன் ஸ்பிரே அடித்து முடித்தான். மாஸ்கைக் கழற்றிவிட்டு வாசல் வரை பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"திருவிழாதான்," என்றான். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தான். ஒன்றல்ல, சுற்றிச் சுற்றி வந்து பிடித்தான். அண்ணன் தன் வேலையைப் படம் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

போஜராஜுக்கு அனுப்பினேன். ரேலியைப் பார்க்க வருகிறாராம்.

டிசம்பர் 14, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது!

மைதானம் முழுக்கப் பளபளப்பு. நாங்கள் போய் நிறுத்தியதும் நாலு பேர் சிரித்தார்கள். சார் பட்டு வேட்டியில் நிமிர்ந்து நின்றார். நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஏட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "கேபினும் பாடியும் ஒரே வண்டியோடது இல்ல. இந்தப் பிரிவுல எடுத்துக்க முடியாதுங்க," என்றார்.

"கலர் ரெண்டும் கம்பெனிக் கலர்தானுங்க," என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

அப்போதுதான் வாசல் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். கூட்டம் விலகியது. ஒற்றைக் கண்ணோடு, சேறோடு, பின்னால் விற்காமல் மிஞ்சிய கேரட் மூட்டைகளோடு மஞ்சள் ஃபார்கோ! பார்க்க வருகிறேன் என்றவர் வண்டியோடு வந்துவிட்டார். மார்க்கெட்டில் லோடை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். நுழைவுச் சீட்டு இல்லை என்று நிறுத்தியவரிடம், "உள்ள இருக்கற வண்டிக்கு இது தம்பிங்க," என்றாராம்.

பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். நான் நடுவரைக் கூட்டிக்கொண்டு போய் மஞ்சள் கதவில் தேய்த்த வளையத்தைக் காட்டினேன். நீலம். பலகையைத் தூக்கிக் காட்டினேன். பச்சை. எங்கள் வண்டியில் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவைத்திருந்த போல்ட் தலையைக் காட்டினேன். ஏடு வைத்திருந்தவர் ஏட்டை மூடிவிட்டு மண்டியிட்டார். மற்ற இருவரும் மண்டியிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் வந்துவிட்டார்கள். பளபளப்பான வண்டிகள் தனியாக நின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் எங்கள் சேற்று வண்டிக்கு அடியில் கிடந்தார்கள்!

பரிசு கிடைக்கவில்லை. விதி விதிதானாம். சார் அதைக் காதில் வாங்கவே இல்லை. கேரட் மூட்டையைப் பிரித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார், கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பது போல.

சேலத்துக்காரர் ஒருவர் தன் பழைய ஜீப்புக்கு நிறம் பார்த்துச் சொல்ல வருவீர்களா என்று கேட்டார். காரைக்குடியிலிருந்து ஒருவர் மோரிஸுக்கு. அண்ணன் குறுக்கே வந்து, "அதெல்லாம் எங்க கோகிலவாணிகிட்டத்தான் கேக்கோணும். அவதான் பாக்கறா," என்றான். முழுப் பெயரையும் சொன்னான்.

போகும்போது போஜராஜ் வண்டி ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "என் வண்டிக்கும் அடிக்கலாமா? கேபின் நீலம், பாடி பச்சை. அங்கேயே வந்து அடிச்சாத்தான் முடியும். லோடு நிக்கக் கூடாது," என்றார்.

"பொங்கல் கழிஞ்சு பாக்கலாமுங்க," என்றேன், நிதானமாக.

நிதானமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

காங்கேயத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். "காரணம் என்னன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள் அண்ணி. நிறைய வேலை வந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். அண்ணி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "ஆமா, வேலை," என்றாள்.

ஜனவரி 19, திங்கள்

கோத்தகிரி. அண்ணன் கம்ப்ரஸரோடு வந்து என்னை விட்டுவிட்டு, போஜராஜிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு இறங்கிப் போனான். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. இந்தத் தடவை ஸ்பிரே அடிப்பதும் நான்தான். ராத்திரி போஜராஜின் அம்மாவோடு படுத்துக்கொள்கிறேன். வண்டி நிற்கும் நாட்களுக்கு லோடு அடிக்க, பக்கத்து ஹட்டியில் ஒரு வேனைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 22, வியாழன்

காலையில் பனி விலகியதும் வெயில் நேராக வண்டி மேல் விழுந்தது. நீலக் கேபின், பச்சைப் பாடி. பாடியின் பச்சை எங்கே முடிந்து தேயிலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அம்மா வெளியே வந்து பார்த்து, "மாமனார் இருந்தா திரும்ப வெள்ளை அடிச்சிருப்பாரு," என்று சிரித்தார். போஜராஜ் என் பக்கம் திரும்பி நின்றிருந்தார். வண்டியைப் பார்க்கவில்லை.

கட்டைவிரலைப் பானெட்டில் அழுத்திப் பார்த்தேன். தடம் விழவில்லை. நகத்தால் ஓரத்தில் கீறினேன். கல் மாதிரி இருந்தது. மத்தியானம் கேரட்டும் ஏற்றினோம், ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். "என்ன கோகிலா, வேலை முடிஞ்சுதா? நாளைக்கு வண்டி எடுத்துட்டு வரட்டா?"

இந்த ஊர்க் குளிருக்குப் பெயிண்ட் சீக்கிரம் காயாது என்றேன். இன்னும் நாலு நாளாவது ஆகும்.